எதிரணியை அலசிய கதை

அந்த மாதம் வீட்டில் ஆட்சியைக் கைப்பற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெரிய ஆட்சியெல்லாம் இல்லை. ஹால் வேண்டும். ஹாலில் இருக்கும் டிவி வேண்டும். டிவியை ஆளும் ரிமோட் வேண்டும். முப்பது நாளைக்கு மட்டும். உலகமே ஒரு கால்பந்தின் பின்னால் ஓடப்போகிற முப்பது நாள், அதுவும் இந்தத் தடவை போட்டி எங்கள் நாட்டிலேயே நடக்கிறது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் ரிமோட்டைக் கையில் பிடித்தது இரண்டே முறை. ஒருமுறை பேட்டரி மாற்ற. இன்னொருமுறை அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது, குனிந்து எடுத்துக் கொடுக்க.

நான் நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. என் மனைவி ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று ஒரு நாளைக்கு அவளிடம் நானூறு உருப்படி வருமாம். வருமாம் என்றுதான் சொல்ல முடியும். அவள் சொன்னபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வருவார். மேல்மாடியிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் இறங்கி வருவார். அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று பேரும் என் ஹாலில் உட்கார்ந்து எதிரணியை அலசுவோம்.

எதிரணி என்றால் பக்கத்து நாடு. அவர்களோடு எங்களுக்கு எல்லைக்கோட்டில் சண்டை கிடையாது. கோல் கோட்டில்தான். போட்டிக்கு மூன்று வாரம் முன்னாடியே எங்கள் ஊரில் வந்து இறங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது பரம ரகசியம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வருகிற சனிக்கிழமை அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு நட்பு ஆட்டம். நட்பு என்பது பேச்சுக்கு. சம்பந்திகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்கிற அளவு நட்பு.

"அவங்க ஃபார்ம்லயே இல்லைங்க," என்றேன். "கடைசி மூணு ஆட்டமும் அவுட்."

"அதெல்லாம் சும்மா ஆளுங்கள இறக்கி ஆடினது," என்றார் மருந்துக்கடைக்காரர். "நல்ல ஆளுங்கள ஒளிச்சு வச்சிருக்காங்க."

"எதை ஒளிக்கிறது? ஒன்பதாம் நம்பருக்கு முட்டி போயாச்சு. ஆறு வாரம் படுக்கைன்னு பேப்பர்லயே போட்டுட்டான். கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்தா தூக்கி நிறுத்த ரெண்டு பேர் வேணும்."

"நீங்க எந்த ஃபார்மப் பாத்துச் சொல்றீங்க?"

"ஃபார்மப் பத்தி என்கிட்டயா கேக்கறீங்க? இருபது வருஷமா ஃபார்ம் பாக்கறதுதாங்க என் பொழப்பு."

"அதுல பாதிக் கட்டம் காலியா இருக்கும்னு நீங்கதான் சொல்லுவீங்க. இதுவும் அப்படித்தான் இருக்கு."

நான் விசிலைப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரரும் விசிலைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்றார் விசில். முன்வாசலில் ஏறியவரையும் பின்வாசலில் ஏறியவரையும் முப்பது வருஷம் சமாதானப்படுத்திய வாய் அது. வேறு எதுவும் வராது.

டீ கிளாஸ்களை எடுக்க வந்த என் மனைவி கொஞ்சம் நின்றாள்.

"யாரு, அந்த ஒன்பதாம் நம்பரா? படுத்த படுக்கையாவா இருக்காரு?"

"நடக்கவே முடியலையாம்," என்றேன்.

"அடப் பாவமே," என்றாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எதிரி நாட்டுக்காரனுக்குக்கூட இரக்கப்படுகிற மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை உதித்தது. ரிமோட்டைக் கெஞ்சி வாங்க முடியாது. பிடுங்கி வாங்க என்னால் முடியாது. பந்தயம் கட்டி வாங்கலாம். விஷயம் தெரியாதவளோடு பந்தயம் கட்டுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் பதினெட்டு வருஷம் ரிமோட்டைத் தராததும் அநியாயம்தானே.

நண்பர்கள் போனதும் ஆரம்பித்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நம்ம பசங்க அவங்களைத் துவைச்சுக் காயப் போட்டுருவாங்க. என்ன சொல்ற?"

"துவைக்கிறது காயப் போடறதெல்லாம் அவ்வளவு சுலபமில்லைங்க."

"பந்தயம் வச்சுக்கலாமா?"

"வேண்டாங்க."

"பயமா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன். வேண்டாம்."

"நாம ஜெயிச்சா, போட்டி முடியற வரைக்கும் ஹாலும் ரிமோட்டும் எனக்கு. ஆறு மணிக்கு டீ, ஏழு மணிக்கு டீ, எட்டு மணிக்கு டீ. கூடக் கொறிக்க ஏதாவது."

"தோத்தா?"

தோற்பதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. "நீயே சொல்லு," என்றேன் பெருந்தன்மையாக.

அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். "நாள் பூரா அங்க நானூறு உருப்படி. வீட்டுக்கு வந்தா இங்க நாப்பது. முப்பது நாளைக்கு வீட்டுத் துணியெல்லாம் நீங்க பாத்துக்கங்க. துவைக்கிறது, காயப் போடறது, இஸ்திரி, மடிக்கிறது, அடுக்கறது. நான் வந்து கால நீட்டி உக்காந்து டிவி பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்பவும் சொல்றேன், வேண்டாங்க," என்றாள்.

மூன்றாவது முறையாக வேண்டாம் என்கிறாள். அவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆபீஸ் பழக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வரியாக, 'தோற்றவர் கூறும் எந்தக் காரணமும் ஏற்கப்படமாட்டாது' என்று சேர்த்தேன். நாளைக்கு அழுதுகொண்டு வந்தால் நான் இளகிவிடுவேன், அதற்கு ஒரு பாதுகாப்பு. கட்டம் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டோம். மருந்துக்கடைக்காரரின் மனைவி சாட்சி. அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஃபுட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது அவருக்கு. எதற்குக் கையெழுத்து என்று கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு ஆட்டம். ஹால் நிறைந்திருந்தது. நான், மருந்துக்கடைக்காரர், விசில், அக்கா. என் மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

வீரர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். எதிரணியில் ஆறாவதாக வந்தவன் கொஞ்சம் துள்ளிக்கொண்டே வந்தான். முதுகில் ஒன்பது.

"படுக்கையோட எழுந்து வந்துட்டான் போல," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சும்மா நிக்க வச்சிருப்பாங்க," என்றேன். "நம்மள பயமுறுத்த."

பதினோராவது நிமிஷத்தில் சும்மா நின்றவன் எங்கள் ஆட்கள் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போனான்.

"கோல் அடிச்சதும் மண்டி போட்டுச் சறுக்குவாரு பாருங்க," என்றாள் என் மனைவி, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இடது முட்டி."

அடித்தான். சறுக்கினான். இடது முட்டி.

நான் மெதுவாகத் திரும்பினேன். அவள் அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

இடைவேளைக்குள் இரண்டு கோல். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் வலது மூலையைப் பார்த்து நாலு தடவை அடித்தார்கள். நாலு தடவையும் அந்த வயசான கோல்கீப்பர் பூனை மாதிரிப் பாய்ந்து பிடித்து, யாரும் தூக்கிவிடாமலே எழுந்து நின்றார். கடைசியில் நாலுக்குப் பூஜ்யம். அவர்கள் எங்களை வெளுத்து வாங்கிவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "தலைவலி மாத்திரை வேணும்னா சொல்லுங்க," என்றார்.

எல்லோரும் போன பிறகு மனைவி எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இடது முட்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு நாளா அந்தப் புல்லுக் கறைய எடுக்கிறது நான்தானே."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க ஹோட்டல்லயா தங்கியிருக்காங்க?"

"ரெண்டு மாடி முழுக்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. இன்னிக்கு மேட்ச் முடிஞ்சதும் சொல்லலாம்னாங்க." அவள் துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "வந்த புதுசுல ஒன்பதாம் நம்பர் சட்டை மடிப்புக் கலையாம வரும். வேர்வையே இருக்காது. எனக்கே பாவமா இருந்துச்சு. நாலாம் நாள் கொஞ்சம் ஈரம். ஏழாம் நாள் முட்டில புல்லு. அதுக்கப்புறம் பிழிஞ்சா ஒரு வாளித் தண்ணி வரும். கோல்கீப்பர் சட்டைல ரெண்டு முழங்கையிலயும் சமமா சேறு. அப்ப ரெண்டு பக்கமும் விழுந்து எழுந்திருக்காருன்னுதானே அர்த்தம்?"

நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் இரண்டு வாரமாக வாயால் எதிரணியை அலசிக்கொண்டிருந்தோம். இவள் தினமும் தண்ணீரில் போட்டு அலசியிருக்கிறாள்.

"என்கிட்டகூடச் சொல்லல."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா நீங்க கேக்கவே இல்லையே. இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சுன்னு கடைசியா எப்பக் கேட்டீங்க?"

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் முப்பது நாள் துணி என்பது வெட்கத்தைவிடப் பெரிய விஷயம்.

"இது உள்ளாள் வேலை. இந்தப் பந்தயம் செல்லாது. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அதனால..."

அவள் தாளை நீட்டினாள். கடைசி வரி என் கையெழுத்தில், அழகாக, அடிக்கோடு போட்டு இருந்தது.

"மூணு தடவை வேண்டாம்னேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து என் சாயம் வெளுக்க ஆரம்பித்தது. என் சாயம் மட்டுமில்லை. முதல் நாளே ஒரு நீலச் சட்டையும் ஆறு வெள்ளை உருப்படிகளும் ஒரே வாளியில் குடும்பம் நடத்தி, எல்லாம் ஆகாய நிறத்தில் வெளியே வந்தன. பனியனோடு ஆபீஸில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்பதால் தப்பித்தேன். விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பது எப்படி என்று அவள் செய்து காட்டினாள். நான் மடித்தபோது நானும் உள்ளே மடிந்துபோனேன். காலர், கை, முதுகு என்ற வரிசையில்தான் இஸ்திரி போடவேண்டும் என்பது நாற்பத்தைந்து வயதில் எனக்குத் தெரியவந்தது.

அவள் ஆறு மணிக்கு வருவாள். கால் நீட்டி உட்காருவாள். ரிமோட் அவள் மடியில் இருக்கும்.

"இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். தினமும் கேட்டேன். ஆரம்பத்தில் பயத்தில் கேட்டேன். போகப்போக நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். ஒரு ஜமக்காளத்திலிருந்து மைக்கறையை எப்படி எடுப்பது என்று நாங்கள் ஒருநாள் முக்கால் மணி நேரம் பேசினோம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

மருந்துக்கடைக்காரரும் விசிலும் வழக்கம்போல் வந்தார்கள். ஆனால் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

"அந்த நாலாம் நம்பர் ஃபார்ம் எப்படிம்மா இருக்கு?" என்று மருந்துக்கடைக்காரர் அவளைக் கேட்பார்.

"ரெண்டு நாளா சட்டை சுத்தமா வருது. எனக்கு நம்பிக்கையில்லைங்க," என்பாள்.

"சரிதான்," என்பார் விசில். மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே ஒருவர் பக்கம் சாய்ந்தார். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பேன். தோற்றால் டீ போடவேண்டும் என்று தாளில் எழுதவே இல்லை. அது எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் ஒரு உறையோடு வந்தாள். எதிரணி மறுநாள் காலையில் ஹோட்டலைக் காலி செய்கிறதாம். அதற்கு முன்னால் அவர்களுடைய மேலாளர் சலவைப் பிரிவுக்கே வந்து, இவ்வளவு வெள்ளையாகத் தங்கள் ஊரில்கூடத் துவைக்க மாட்டார்கள் என்று சொல்லி, இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே இரண்டு டிக்கெட். முதல் ஆட்டம். எங்கள் நாடும் அவர்களும். மைதானத்துக்கு மிக அருகில், வீரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால், மூன்றாவது வரிசை.

என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன். பதினெட்டு வருஷமாக நான் ஆட்டத்தை டிவிக்கு வெளியே பார்த்ததில்லை. அந்தத் தாள்களை வாங்கி மோந்து பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு அரை நாள் லீவு போட்டுடறேன்," என்றேன். "உன் புடவைய நானே இஸ்திரி போட்டுத் தரேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"மூணு மணிக்கு. புடவைக்கு ரொம்பச் சூடு வைக்காதீங்க." டிக்கெட்டுகளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "எதிர்வீட்டு அக்காகிட்டச் சொல்லியாச்சு. அவங்களும் ரெடியா இருப்பாங்க."

"அக்காவா? அவங்களுக்கு ஃபுட்பால்ல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது," என்றாள். "அதனாலதான் நிம்மதியா மேட்ச் பாக்கலாம்."