அந்தி வெளிச்சத்தில் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ்

கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையும் பெண்ணும் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருக்க வேண்டும். இது புதுக்கோட்டையின் எழுதாத சட்டம். ஃப்ளெக்ஸ் கடை டிசைனரான எனக்கு அதை மீறும் தைரியம் என் சொந்தக் கல்யாணத்தில்தானா வர வேண்டும்?

காரணம், ஜப்பானியக் காதல் மாங்கா. (படக்கதைதான். எங்கள் வீட்டில் 'பொம்மை புக்கு' என்பார்கள்.) காதலைச் சொல்லும் பக்கம் வந்தால் வானம் ஆரஞ்சாகிவிடும். முதுகுப் பக்கமிருந்து விழும் வெயிலில் முடியோரம் பொன்னாக மின்னும். நிழல்கூடக் கறுப்பில்லை, லேசான ஊதா. யாரும் வாய் திறக்குமுன்பே நமக்கு நெஞ்சு இளகிவிடும். எனக்கு மூளையும் சேர்ந்து இளகியது.

எங்கள் நிச்சயதார்த்தப் போட்டோவுக்குப் பின்னால் மறையும் சூரியனை வைத்தேன். முகங்களில் மங்கலான தேன்நிற வெளிச்சம், காற்றில் உதிரும் பூவிதழ்கள். மாங்காவில் எதுவும் கத்தாது என்பதால் பெயர்களைப் பொடி எழுத்தில் அடியில் போட்டேன். மண்டப வாசலில் கட்டியதும் நானே சொக்கிப்போனேன்.

கல்யாணத்தன்று காலை, குளத்தூரிலிருந்து பெண்ணின் பெரியப்பா வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தவர், தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்ப ஆரம்பித்தார்.

"அய்யோ, ரெண்டு பேருமா? எப்புடிங்க ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்கிய முகம், மறையும் சூரியன், உதிரும் பூ எல்லாம் எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலிக்குப் போடுவது. (தினமும் அதைப் போட்டுக்கொடுத்தவனும் நான்தான்.)

"மாமா, நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று பட்டுவேட்டியோடு ஓடினேன். அவர் அலறிக்கொண்டு பின்வாங்கினார். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது.

"நல்ல காரியத்துல இதையா கட்டுவீங்க? கழட்டாம எங்க பொண்ணு மணவறைக்கு வராது!"

ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கும்போது பெண்ணின் கார் வந்து நின்றது. கவிதா இறங்கி மேலே பார்த்தாள். என் உயிர் நிஜமாகவே போனது அப்போதுதான்.

"அவுக்காதீங்க" என்றாள். "இதுவரைக்கும் போட்டோ எடுத்தவங்க எல்லாரும் எனக்கு வெள்ளையடிச்சுத்தான் குடுத்தாங்க பெரியப்பா. இதுலதான் நான் என் நெறத்துல இருக்கேன். எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க!"

பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அண்ணாந்து பார்த்தார். "அட, ஆமாத்தா" என்றார். எனக்கு ஏணியிலேயே அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆனா மாப்பிள்ள, முகூர்த்தம் வரைக்கும் நீங்க அதுக்குக் கீழயே நில்லுங்க. வாரவங்க பாக்கட்டும்."

நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் பல் தெரியச் சிரித்து, உயிரோடு இருப்பதை நிரூபித்தேன்.

இன்றைக்கும் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். பிறகுதான் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஓடுது, உள்ள வா" என்கிறார்.