இல்லாத முட்டிவலிக்குப் பார்த்த வைத்தியம்

என் முட்டியில் ஒரு கோளாறும் இல்லாத காலத்தில் நான் இரண்டு வருஷம் நொண்டினேன். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. வீட்டு வாசலைத் தாண்டினதும் ஆரம்பித்து, தென்காசி பஸ்ஸில் ஏறி உட்காருகிற வரைக்கும், பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிற மாதிரி நொண்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். நான் மூணாவது வரைக்கும் படித்தவள். ஆனால் மூளைக்கு என்னிடம் பஞ்சமில்லை என்று என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் சொல்லுவார். (பயத்தில் சொன்னாரோ என்னமோ.)

எனக்கு ஒரே மகன், குமார். பந்தல் போடுகிற தொழில். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்களில் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு எதுவானாலும் எங்கள் வீட்டு நாற்காலிதான் போகும். திரும்பி வருகிற நாற்காலிகளைத் துடைத்து அடுக்குவது என் மருமகள் உமா. வளைகாப்புக்குப் போய் வந்த நாற்காலிக் கையில் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதை அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம், வயிற்றில் ஒன்றும் இல்லை. சுரண்டிக்கொண்டிருக்கிறவளிடம் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏட்டி, இந்த மாசமாவது தள்ளிப் போச்சா?" என்று கேட்பேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "இல்ல அத்தை" என்பாள்.

கடைசியில் உமாவே செல்போனில் தேடி, கூடப் படித்தவளிடம் விசாரித்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். குமாருக்கு வேலை இருக்கிறது என்று அவன் வரவில்லை. (வேலை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டான்.) நான்தான் கூடப் போனேன். அந்த டாக்டரம்மா அவசரப்படாமல் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னாள். ஒரு வைத்தியம், புருஷனுடைய விந்தைச் சுத்தம் பண்ணி, முட்டை வெடிக்கிற நாள் பார்த்து, சின்னக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவது. இன்னொன்று, முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் விந்தோடு சேர்த்து, கருவாகி நாலைந்து நாள் வளர்ந்த பிறகு உள்ளே வைப்பது.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "முதல்ல சொன்னது நேரடி விதைப்பு. ரெண்டாவது நாத்துப் பாவி நடுதது. அப்படித்தானே?" என்றேன்.

"என்னால இவ்வளவு நல்லாச் சொல்ல முடியாது ஆச்சி" என்று டாக்டரம்மா சிரித்தாள்.

அத்தோடு எழுந்து வந்திருந்தால் எனக்கு மரியாதை. "உங்க மருமகளுக்கு எது தேவைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, உங்க மகனுக்கு ஒரு பரிசோதனை பண்ணணும்" என்றாள் அடுத்தாற்போல்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு அந்தக் குறையெல்லாம் கிடையாது. என் மாமனாருக்குப் பதினோரு பிள்ளை."

"உங்க மாமனாருக்கு இல்லம்மா, உங்க மகனுக்குத்தான் பரிசோதனை."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதில் கேவலம் என்னவென்றால், விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பதரைத் தள்ளாமல் ஒரு போகம்கூட விதைத்தவள் இல்லை நான். வயல் விஷயத்தில் இருந்த புத்தி மகன் விஷயத்தில் இல்லாமல் போனது.

பிறகு ஆஸ்பத்திரியை நானே தேர்ந்தெடுத்தேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், உமாவுக்கு இன்று வரைக்கும் முழுச் சிரிப்பு வந்ததில்லை. தென்காசியில் ஒரு கட்டிடம். இரண்டாவது மாடியில் குழந்தையில்லாதவர்களுக்கான ஆஸ்பத்திரி. கீழே எலும்பு டாக்டர். அவ்வளவுதான். அந்த எலும்பு டாக்டர் பலகையைப் பார்த்தேன், முடிவு பண்ணிவிட்டேன். ஊரில் யார் கேட்டாலும், "எனக்கு முட்டிவலி, உமா துணைக்கு வாரா" என்று சொல்லிவிடலாம். மேலே இருக்கிற டாக்டர் யார், என்ன படித்தவர், என்ன வைத்தியம் செய்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"திருநெல்வேலிக்கே போவோம் அத்தை, அங்கன எல்லாம் விளக்கமாச் சொன்னாங்க" என்று உமா கெஞ்சினாள்.

"திருநெல்வேலிக்கு மாசம் நாலு தடவை போனா ஊர்ல என்னன்னு சொல்ல? வெளக்கம் பிள்ளை பெறுமா ஏட்டி?" என்று அடக்கினேன்.

அன்றிலிருந்து நான் நொண்டி. ஊர் என்னை அப்படித் தாங்கியது. ஒருத்தி தைலம் கொண்டுவந்தாள். ஒருத்தி ஒத்தடத்துக்கு நொச்சி இலை பறித்து வந்தாள். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் (என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை, என்னை மதினி என்பாள்) வாரம் தவறாமல் முடக்கத்தான் கீரை கொண்டுவந்து கொடுத்து, நான் சாப்பிடுகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இல்லாத வியாதிக்கு இரண்டு வருஷம் முடக்கத்தான் தோசை தின்ற ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன்.

மேல்மாடியில் இருந்தது வேறு கதை. அங்கிருந்த டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள், அதுவும் பதினோரு மணி வரைக்கும்தான் இருப்பாள். மாத்திரை, ஊசி, ஸ்கேன், மறுபடி மாத்திரை. உமா ஏதாவது கேட்டால், "நம்பிக்கையோட இருங்க" என்பாள். குமாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உமாவின் வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் நாவல்பழம் நசுங்கின மாதிரி இருந்தது. அவளுக்கு முப்பத்துநாலு வயது ஆகியிருந்தது. வயது போகப் போக முட்டை குறையும் என்று திருநெல்வேலியில் சொல்லியிருந்ததை அவள் மறக்கவில்லை. நான் மறந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

ஒருவழியாக ஒரு மாசம், "இந்தத் தடவை உள்ளே விட்டுப் பார்ப்போம்" என்றார்கள். நேரடி விதைப்பு. முட்டை வெடிப்பதற்கு ஊசி போட்டு, நாள் குறித்து, மணியும் குறித்துக் கொடுத்தார்கள்.

விந்து எடுத்துக் கொடுக்க அந்த ஆஸ்பத்திரிக் குளியலறைக்குள் போகவே மாட்டேன் என்றுவிட்டான் குமார். வாசலில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தாழ்ப்பாளும் சரியில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டிலேயே எடுத்துக் கொடுக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். உமா காலையிலேயே ஸ்கேனுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, "அத்தை, எங்கயும் நிக்காம வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

குமார் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சின்ன டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். நானும் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு, வயிற்றோடு ஒட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். சீசன் நேரம். சாரல். எண்ணெய் வழிய வழிய அருவிக்குப் போகிறவர்களும், கார்களும், வேன்களும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். கட்டிட வாசலில் இறங்கும்போது இன்னும் இருபத்தைந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. குமார் என்னை இறக்கிவிட்டு, "யம்மா, ஒரு வளைகாப்புப் பந்தல் இருக்கு" என்று பறந்துவிட்டான்.

படியில் கால் வைக்கிறேன், "மதினீ!" என்று ஒரு சத்தம்.

பேச்சியம்மாள். கையில் மாவுக்கட்டு. முந்தின வாரம் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தவள், எலும்பு டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறாள்.

"மதினி, நல்ல நேரத்துல வந்திய. அடுத்த டோக்கன் நான்தான். நீங்க போங்க, நான் பொறவு காட்டிக்கிடுதேன்."

"வேண்டாம்ட்டி, உனக்குக் கை..."

"கை கட்டுப் போட்டாச்சு, அது எங்க ஓடப் போவுது? உங்க காலுதான் ரெண்டு வருஷமாத் தீராம கெடக்கு. எனக்கு வயித்த எரியுது." சொல்லிக்கொண்டே ஒற்றைக் கையால் என்னை இழுத்து உள்ளே விட்டுவிட்டாள். மாவுக்கட்டுப் போட்டவளை உதறித் தள்ள முடியுமா? உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு என் வாய் திறக்கவில்லை.

"எந்த முட்டி?" என்றார் எலும்பு டாக்டர்.

"வலது" என்றேன்.

"இடதுல்லா மதினி?" என்றாள் பேச்சி.

"ரெண்டும்" என்றேன்.

டாக்டர் குனிந்தார். "ஆத்தாடி!" என்று கத்தினேன்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா" என்றார்.

இத்தனை கத்துகிறவளை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். அங்கே முன்னால் மூன்று பேர். பேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். இடுப்பில் டப்பா. சுவரில் கடிகாரம். எனக்குப் படிக்க வராதது எத்தனையோ உண்டு, கடிகாரம் மட்டும் நன்றாகப் பார்க்க வரும்.

போன் அடித்தது. "அத்தை, எங்க இருக்கிய? டாக்டர் கேக்குதாங்க" என்றாள் உமா.

பேச்சியின் காது என் போனுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேஜையில் படுக்கச் சொன்ன ஆள், "ஆச்சி, இடுப்புல இருக்க பையை எடுத்து வையுங்க" என்றான். முடியாது என்றேன். "உள்ள என்ன, தங்கமா?" என்றான். "அதைவிட ஒசத்தி" என்றேன். அவன் சிரித்தான். நான் பையை மார்போடு கட்டிக்கொண்டு, பிரேதம் மாதிரி மல்லாந்து படுத்து, காலை நீட்டினேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், "இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு நல்ல முட்டி இருக்காது. நூறு வருஷம் ஓடும்" என்றார். உடம்பு நன்றாயிருக்கிறது என்று கேட்டு அழுதவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

அப்புறம் பேச்சி பார்க்கிறாளே என்று பார்க்கவில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன். அந்த மாதிரி நான் கல்யாணத்துக்கு முன்னால்கூட ஓடினதில்லை. மேலே டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்க வருகிறாள். நர்ஸ் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு நான் என்ன செய்ய? ஒரு மணி நேரம் போய் அரை மணியும் தாண்டிருச்சு" என்றாள். டாக்டரம்மா, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று நிற்காமல் போய்விட்டாள்.

உமா உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு பச்சைத் துணி. ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "ராங் நம்பரா அத்தை?" என்றாள். 

பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். பேச்சி. மாவுக்கட்டோடு இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள். உமாவின் கோலத்தையும், நர்ஸ் கையில் இருந்ததையும் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மதினி? நானே வாங்கிக்கிட்டு மேல ஓடியிருப்பேனே."

"நாங்க மேல வாரது உனக்கு..."

"தெருவுக்கே தெரியும். நீங்களா சொல்லுத வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தோம். மருமவளுக்காக அலைஞ்சு உங்க முட்டியக் காட்டாம விட்டுருதியன்னுதான் நான் பிடிச்சு இழுத்தேன். முட்டி பொய்யின்னு எனக்குத் தெரியாதே!"

நான் மறைத்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் புளுகினதை எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் தெருவில் நொண்டி நான் காப்பாற்றின மானம் அவ்வளவுதான்.

அன்று உமா படியிறங்கும்போது மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாத்தையும் நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குமாரிடம், "திங்கக்கிழமை திருநெல்வேலி. நீங்களும் வாரிய" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். "போலே" என்றேன். அந்த வீட்டில் நான் கடைசியாகப் போட்ட உத்தரவு அதுதான்.

குறை அவனிடம்தான் இருந்தது. விந்தணு மிகவும் குறைவு, நேரடி விதைப்பு சரிப்பட்டே வந்திருக்காது என்று திருநெல்வேலி டாக்டரம்மா முதல் வாரத்திலேயே சொன்னாள். அந்த டப்பா நேரத்துக்குப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதாம். எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். ஆனால் போன இரண்டு வருஷத்தைப் பற்றி நானாகக் கேட்டபோது, "அப்பவே வந்திருந்தா நிச்சயமா நின்னிருக்கும்னு சொல்ல மாட்டேன் ஆச்சி, ஆனா வாய்ப்பு இதைவிடக் கூடுதலா இருந்திருக்கும்" என்றாள். நாத்துப் பாவி நட்டார்கள். இரண்டு தடவை. இரண்டு தடவையும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு உமாவே போதும் என்றுவிட்டாள்.

என் வீட்டில் இப்போது யார் போனை எடுக்காமல் விட்டாலும், "ராங் நம்பரோ?" என்று கேட்கிறார்கள். நிஜமாகவே எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இடது கால். நூறு வருஷம் ஓடும் என்ற அதே டாக்டரிடம் உமாதான் கூட்டிப் போகிறாள். "எந்த முட்டி?" என்று அவர் கேட்டால், "அவங்க எதைச் சொல்லுதாங்களோ, அதை விட்டுட்டு மத்ததைப் பாருங்க டாக்டர்" என்கிறாள். பேச்சி முடக்கத்தான் கீரையை நிறுத்திவிட்டாள். கேட்டால், "அதெல்லாம் நெசமா வலிக்கிறவங்களுக்கு மதினி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

வளைகாப்புக்குப் போன நாற்காலிகள் இன்றும் சந்தனத்தோடுதான் திரும்பி வருகின்றன. உமாவும் நானும் உட்கார்ந்து சுரண்டுகிறோம். சில நாள் அவள் கை அப்படியே நின்றுவிடும். முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். நான் இப்போது வாயைத் திறப்பதில்லை. எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி, வலது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு போவேன்.

"அத்தை, நேத்து இடதுல்லா?" என்பாள் பின்னாலிருந்து. சிரிப்பும் வந்துவிடும்.

நல்ல காலை இழுத்து நொண்ட வேண்டுமென்றால், பாரம் முழுக்க வலிக்கிற காலில் போடவேண்டும். உயிர் போகும்.