விநாடிக்கு இருபது முறை

மனிதகுலம் இதுவரை அனுபவித்த கொடுமைகளுள் தலையாயது, விசையைத் தட்டியவுடன் எழுத்து திரையில் தோன்றாமல் இருப்பதே. இந்தப் பேருண்மையை முதலில் கண்டறிந்தவர் போக்குவரத்துக் கழகத்தின் இயக்குநர். தமது பாராட்டு விழாவுக்கான ஏற்புரையை அவரே கணினியில் கழகத்தின் எழுத்துச் செயலியான எடிட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். அதே எடிட்டர் பின்னணியில் ஒரு பெரிய கோப்புக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தது. 'நான் எளியவன்' என்று அடித்தார். 'நா' மட்டும் வந்து நின்றது. மறுபடி அடித்தார். திரை வெளுத்துப்போனது. தம்முடைய எளிமை இப்படி அந்தரத்தில் தொங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார்.

கழகத்தில் நிரல் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான்; அந்த எடிட்டரை எழுதியவளும் அவளே. அண்ணன் அதே கழகத்தில் பேருந்து ஓட்டுநர் என்பதால், காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவள் 'தங்கச்சி'. அவளை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்டார்கள்.

"சார், எடிட்டர் ஒரு பெரிய வேலையில இறங்கிட்டா தலையைத் தூக்காது. முடிச்சிட்டுத்தான் நம்மளப் பாக்கும். அதை நடுநடுவுல நிறுத்தி, யாராவது கீயைத் தட்டினாங்களான்னு பாக்க வைக்கலாம். தட்டியிருந்தா, அவங்களைக் கவனிச்சிட்டு, விட்ட இடத்துலேர்ந்து வேலையைத் தொடரும்."

"எத்தனை தடவை பாக்கும்?"

"செகண்டுக்கு இருபது தடவை."

இயக்குநரின் கண்கள் கலங்கின. "கேட்டீங்களா? மேல இருக்கிறவர் என்ன சொல்றார்னு செகண்டுக்கு இருபது தடவை திரும்பிப் பாக்குமாம். நம்ம ஆளுங்கள்ல ஒருத்தராவது அப்படி இருக்கீங்களா?"

துணை இயக்குநர் கூட்டம் தொடங்கியதிலிருந்தே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"நிறுத்தறதுக்கு நாலு நாள் போதும் சார். விட்ட இடத்துலேர்ந்து தொடர வைக்கத்தான் மூணு வாரம் ஆகும்."

"நிறுத்தினா போதும்."

"தொடரலைன்னா வேலை அரைகுறையா நின்னுடுமே சார்?"

"ஏம்மா, தொடக்க விழாவுக்கு வர்ற விருந்தாளி கீயைத் தட்டிப் பாப்பார். எழுத்து வந்துச்சான்னு பாப்பார். வேலை தொடருதான்னு யாரு உக்காந்து பாக்கப்போறா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'நிறுத்தல்' முதல் கட்டம். 'தொடர்தல்' இரண்டாம் கட்டம். தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

மனசு கேட்காமல் தங்கச்சி ஒரு காரியம் செய்தாள். வேலை நின்றுபோனால் திரையின் அடியில் 'வேலை பாதியில் நிற்கிறது' என்று சிவப்பில் தெரியும்படி வைத்தாள். இயக்குநர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "பாதிங்கிற வார்த்தையே நல்லதில்லம்மா. பச்சையில 'தயார்'னு போடு." அவள் போட்டாள். மாதச் சம்பளம் வாங்குகிற விரல்கள், வேறென்ன செய்யும்?

புதிய எடிட்டரின் தொடக்க விழாவில் ஓட்டிக் காட்டப் பெரிய வேலை ஒன்று தேவைப்பட்டது. நல்ல வேளையாகத் தொழிலாளர்கள் ஏழு வருடம் போராடி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள்: கழகத்தின் விதிநூலில் சலுகை சம்பந்தமாக 'வழங்கலாம்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் 'வழங்க வேண்டும்' என்று மாற்ற வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். எல்லாப் பணிமனைகளும் அந்த ஒரே கோப்பைத்தான் திரையில் திறந்து படிக்கும். அதைத் திருத்தக்கூடிய ஒரே கணினியை முன்கூடத்தில் வைத்து மாலை போட்டார்கள்.

தட்டச்சர் மாற்றத்தைத் தொடங்கிவைத்தார். பக்கங்கள் ஓடின. இயக்குநர் மேடையேறி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, 'அ' என்ற ஒரே எழுத்தைத் தட்டினார். விரலை எடுக்கும் முன் எழுத்து வந்துவிட்டது. கூடமே அதிர்ந்தது. முதல் பக்கத்தில் இருந்த 'நீதியே நம் வழி' என்ற வாசகம் 'அநீதியே நம் வழி' ஆகியிருந்ததைத் தட்டச்சர் மட்டும் பார்த்துவிட்டுச் சட்டென்று அழித்தார். அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மாற்றம் நின்றுபோயிருந்தது. அடியில் பச்சையில் 'தயார்'.

தங்கச்சி மேடையருகே ஓடினாள். "சார், நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்தோட..."

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க வராதம்மா."

குறுக்கிடும் உரிமை விசைகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டிருந்தது.

விதிநூல் மேலிருந்து கீழாக எழுதப்பட்டது. இயக்குநரின் கார், துணை இயக்குநரின் நாற்காலி, மேலாளர்களின் தொலைபேசி ஆகியவை நானூற்றுப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிட்டன. அவற்றை வழங்கியே தீர வேண்டும். ஓட்டுநர்கள் நானூற்றுப் பதின்மூன்றில் தொடங்கினார்கள். இது முழுக்க முழுக்கத் 'தற்செயல்'.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"இடது கண்ணு மங்கிக்கிட்டே வருதும்மா," என்றான் அண்ணன். "சிகிச்சைக்கு லீவு கேட்டேன். கண்ணு சரியாகிற வரைக்கும் டிக்கெட் கவுன்ட்டர்ல போடுங்கன்னும் கேட்டேன். டிப்போ கிளார்க் திரையைத் திருப்பிக் காட்டறார். 'வழங்கலாம்'னுதான் இருக்காம். வழங்கலாம்னா வழங்காமலும் இருக்கலாமாம்."

"அப்ப இன்னும் வண்டிதான் ஓட்டறியா?"

"ஓட்டறேன். இடது பக்கம் யாராவது குறுக்க வந்தா கண்டக்டர் கத்துவார். தங்கமான மனுஷன். அவருக்குத் தொண்டை கட்டாம இருந்தாச் சரி."

அண்ணி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த எடிட்டரை எழுதினது நீதானாமே?"

தங்கச்சி தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாளே முன்கூடத்துக்குப் போய் மாற்றத்தை மீண்டும் ஓடவிட்டாள். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. ஐம்பதாம் பக்கத்தில் ஒரு பார்வையாளர் குழு வந்து விசையைத் தட்டியது. நின்றது. மறுபடி ஓடவிட்டாள். இருநூறாம் பக்கத்தில் வேறொரு குழு. ஐந்து நாளில் பதினேழு முறை ஓடவிட்டாள். பதினேழு முறையும் அந்தப் புகழ்பெற்ற எடிட்டர் யாரோ ஒருவருக்கு உடனே பதில் சொல்லி அசத்தியது. இயக்குநரிடம் முறையிட்டாள்.

"ஓட்டுநர் பக்கம் மாறவே இல்ல சார்."

"தயார்னு போட்டிருக்கேம்மா!"

ஆறாம் நாள் மேலிடக் குழு வந்தது. இயக்குநர் அவர்களைக் கணினி முன் கொண்டுவந்து நிறுத்தியபோது மேசைமேல் விசைப்பலகை இல்லை. தங்கச்சி அதைப் பிடுங்கி, வயரோடு மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். திரையில் பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கீபோர்டைக் குடும்மா."

"முடியட்டும் சார்."

"மேலிடம் நிக்குது!"

"நிக்கட்டும் சார். என் அண்ணன் ஒத்தைக் கண்ணோட பஸ் ஓட்டிக்கிட்டிருக்கான்."

இயக்குநர் பழக்கதோஷத்தில் வெறும் மேசையைத் தட்டினார். எதுவும் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். தங்கச்சியின் பிடி தளரவில்லை. எழுநூறு. தொள்ளாயிரம். ஆயிரத்து நூற்று நாற்பது. அதன்பின் அவளே குனிந்து விசைப்பலகையை மாட்டி, "மன்னிச்சிடுங்க சார்" என்று வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை டிப்போ கிளார்க் திரையை மூன்று முறை படித்துவிட்டு, "வேண்டும்னு போட்டா நான் என்ன பண்றது?" என்று அலுத்துக்கொண்டே அண்ணனின் விடுப்பில் கையெழுத்துப் போட்டார். அதே காலையில் தங்கச்சிக்குப் 'பணி இடைநிறுத்த' உத்தரவு வந்தது. அந்தச் சொல்லின் நுட்பத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் கழகத்தில் எவரும் இல்லை.

விசாரணை முறைப்படி நடந்தது. குற்றச்சாட்டு கடுமையானது: பதினோரு நிமிடம் கழகத்தைப் பதில் சொல்ல இயலாத நிலைக்குத் தள்ளியது.

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பதினோரு நிமிஷமும் கழகம் எந்த நிலையில இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஒரு வேலையைச் செஞ்சு முடிச்சுக்கிட்டிருந்துச்சு."

அதிகாரி அதை அப்படியே பதிவுசெய்யச் சொன்னார். இப்படி ஒரு வேலையைச் செய்து முடிப்பது கழகத்தில் இதற்குமுன் எப்போதாவது நடந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்பத் தண்டனை தீர்மானிக்கலாம் என்று பழைய கோப்புகளைக் கொண்டுவரப் பணித்தார்.

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.