அறிவித்தல் அண்ணையின் றொக் அன்ட் றோல்

மாங்குளத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்தியர் சொன்னால் போதாது. அறிவித்தல் அண்ணை சொல்லவேண்டும். தன் ஓட்டோவின் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவர் இறந்தவரின் பெயரும் ஊரும் சொல்லும்வரை அந்த மனிதருக்குப் பாதி உயிர் இருக்கிறது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை ஓட்டோ பழுதாகி அவர் வரப் பிந்தியபோது, செத்தவீட்டுக்காரர்கள் வாய்விட்டு அழுவதற்கே தயங்கிக்கொண்டு இருந்தார்களாம்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

"நான் என்ர பேரைச் சொன்னா, நான் செத்திட்டன் எண்டெல்லோ சனம் நினைக்கும், ரீச்சர்" என்றார்.

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் அவருடையது. ஆள் தென்னை ஈர்க்குப்போல இருப்பார். சாதாரணமாகக் கதைக்கும்போது குரல் காதோரம் நுளம்பு பாடுவதுபோல இருக்கும், இரண்டுதரம் "என்ன?" என்று கேட்கவேண்டும். மைக் கைக்கு வந்துவிட்டால் அதே தொண்டையில் இருந்து கடல் வரும். எப்படி என்று நானும் பல வருடமாக யோசித்திருக்கிறேன். விளங்கியதில்லை.

அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு வாசகம்தான். மரண அறிவித்தலின் வாசகம். தண்ணீர் வெட்டு, நாய்த் தடுப்பூசி, கோயில் திருவிழா, எதைக் கொடுத்தாலும் அதற்குள்தான் புகுத்துவார். ஒலுமடுவில் வாங்கிவந்த பசு ஒன்று காணாமல் போனபோது அவர் அறிவித்தது இன்னும் என் காதில் நிற்கிறது: "ஒலுமடுவைப் பிறப்பிடமாகவும் மாங்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட சிவப்பி, நேற்று மாலை எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார். அன்னார் வெள்ளைச்சியின் பாசமிகு மகளும் இரண்டு கன்றுகளின் அன்புத் தாயும் ஆவார்." பசு மறுநாள் தானாகத் திரும்பி வந்தது. வந்த பசுவைச் சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி மருத்துவபீடத்துக்குத் தெரிவானபோது அவரிடமே அறிவிக்கக் கொடுத்தோம். அவர் அறிவித்தார். பிள்ளையின் பெரியம்மா புளியங்குளத்தில் இருந்து மலர்வளையத்தோடு வந்து இறங்கினா.

இப்படிப்பட்டவருக்கு என் வீட்டுப் படலையில் மட்டும் ஒரு தனி வழக்கம் இருந்தது. நான் சத்தத்துக்குப் பயந்தவள். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும், லொறி ஒன்று பலகையைக் கொட்டினால் என் கைகள் என்னைக் கேளாமலே தலைக்குப் போய்விடும். வகுப்பில் கரும்பலகை விழுந்தபோது பிள்ளைகளுக்கு முன்னால் மேசைக்கடியில் இருந்திருக்கிறேன். இதை அவர் எப்போது கண்டாரோ தெரியாது. அதன் பிறகு எங்கள் வளைவுக்கு வந்ததும் ஓட்டோவை நிறுத்தி, மைக்கை விரலால் இரண்டுதரம் தட்டுவார். டொக், டொக். பிறகு மெதுவாக, "ரீச்சர், நான்தான். பயப்பிடாதேங்கோ." அதற்குப் பிறகுதான் செத்தவரின் பெயர் வரும்.

ஊருக்குப் புதிதாக வந்த தபாற்காரர், இறப்பவர்கள் எல்லோருமே என் சொந்தக்காரர் என்று முடிவுகட்டி, ஒவ்வொருதரமும் சைக்கிளை விட்டு இறங்கி என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போவார். "உங்கட குடும்பம் சரியாக் குறைஞ்சுபோச்சு, ரீச்சர்" என்று ஒருநாள் உண்மையாகவே கலங்கினார்.

சத்தத்துக்குப் பயந்த தாய்க்கு ட்ரம்ஸ் அடிக்கிற மகள். கடவுளுக்கும் பகிடி தெரியும். என் மகள் மதுரா அந்தக் கடைசி யுத்த மாதங்களில் மிகச் சின்னப் பிள்ளை. தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்கிறாள். அவளுக்கும் சேர்த்து எனக்கு ஞாபகமிருக்கிறது. அவளும் கிற்றார் அடித்துப் பாடுகிற சஞ்சீவனும் இன்னும் இரண்டு பெடியன்களும் சேர்ந்து ஒரு றொக் இசைக்குழு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்பத்தியில்தான் வாசித்துப் பழகுவார்கள். மதுராவின் ட்ரம்ஸின்மேல், சத்தம் அடங்குவதற்காக, எப்போதும் ஒரு பழைய துவாய் விரித்திருக்கும். நான் போடச் சொன்னதில்லை. அவளாகவே போட்டாள்.

சென்ற வருடம் அவர்களுக்கு ஒரு படத்தில் இருந்து அழைப்பு வந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணக் கரையூர் ஒன்றில் நடக்கும் கதை. அதில் ஒரு நடனக் காட்சி. அதற்கு, றொக் அன்ட் றோல் பிறந்த காலத்து அமெரிக்கப் பாட்டு ஒன்றை இன்றைய பிள்ளைகள் புதிதாக வாசித்துக் கொடுக்கவேண்டும். மாங்குளத்துக்குச் சினிமா வந்தது என்று வீடே ஆடியது.

நானும் அந்தப் பழைய பாட்டை அவளுடைய ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெண், ஒரு கார், ஒரு சனிக்கிழமை. வேறொன்றும் இல்லை. ஆனால் பாடியவன் வீடு பற்றி எரிவதுபோலப் பாடினான். அதே நேரம் அந்த நெருப்பைப் பார்த்து அவனே சிரிப்பதுபோலவும் இருந்தது. இது எப்படி முடிகிறது என்று எனக்கு ஒரே ஆவல்.

"மூண்டு கிற்றார்க் கோட்தானே பிள்ளை இதில இருக்கு? உனக்கென்ன கஷ்டம்?"

"அதுதான் அம்மா கஷ்டம். நாங்கள் வழக்கமா அடிக்கிற பாட்டில பிழையை ஒளிக்கலாம். இதில ஒளிக்க இடமில்லை."

முதல்தரம் பதிந்து அனுப்பினார்கள். இயக்குநர் தம்பி தொலைபேசியில் சொன்னதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "தங்கச்சி, பாட்டு நேற்றுத்தான் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு எடுத்த மாதிரிக் கிடக்கு. இது அந்தக் காலத்துச் சாமான். கொஞ்சம் தூசி வேணும். மற்றது ட்ரம்ஸ். குறை நினைக்காதேங்கோ, உங்கட ட்ரம்ஸ் ஆரிட்டையோ மன்னிப்புக் கேக்குது." ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி வராவிட்டால் கொழும்புக் குழுவொன்றிடம் கொடுத்துவிடுவாராம்.

மதுரா தொலைபேசியை வைத்துவிட்டுத் துவாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இதுவும் இல்லையெண்டா நான் ட்ரம்ஸை வித்துப்போட்டு ரீச்சிங்குக்குப் போறன்."

ரீச்சிங்கில் என்ன குறை என்று ஒரு ரீச்சராகக் கேட்டிருக்கவேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

சஞ்சீவன்தான் வழி கண்டுபிடித்தான். அந்தக் காலத்தில் குரலை வெறும் அறைக்குள் ஸ்பீக்கரில் விட்டு, சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தையும் சேர்த்துப் பிடிப்பார்களாம். வெறும் அறை எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே இருந்தது: தெருவுக்கு அந்தப் பக்கம், நெல் இல்லாத நெற்களஞ்சியம். பழைய குழாய் ஸ்பீக்கர் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது.

"ஆர் செத்தது?" என்றாராம் அறிவித்தல் அண்ணை, சஞ்சீவனைக் கண்டதும்.

"ஒருதரும் இல்லை மாமா. ஒரு பாட்டுக்கு."

"பாட்டுக்கு என்ன வருத்தம்?"

விளங்கப்படுத்தியபின் ஓம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "அறிவிக்காமல் என்ர குழாயில ஒரு சத்தமும் வராது, தம்பி."

"ஏன் மாமா? பாட்டுத்தானே?"

"அப்ப சண்டைக்குள்ள எல்லாம் அறிவிக்காமத்தானே வந்து விழுந்தது" என்றாராம். சஞ்சீவன் அந்த நிபந்தனைக்கு ஓம் என்றுவிட்டு வந்தான்.

சனிக்கிழமை பின்னேரம் ட்ரம்ஸும் ஓட்டோவும் களஞ்சியத்துக்குள் போயின. அவர் திருமணத்துக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். குழாயில் பல வருடத்துத் தூசி. அதை எதனால் துடைப்பது என்று சுற்றிப் பார்த்தார், ட்ரம்ஸின்மேல் கிடந்த துவாயை எடுத்தார், துடைத்தார், அதோடு நில்லாமல் எஞ்சின் எண்ணெயையும் துடைத்தார்.

"ஐயோ மாமா, அது என்ர துவாய்!"

"பழந்துணி எண்டெல்லோ நினைச்சன், பிள்ளை. தோய்ச்சுக் கொண்டு வந்து தாறன்."

துவாய் இருந்த நிலையில் அதை ஒரு சைக்கிளின் மேலேகூடப் போடமுடியாது. மதுரா வெறும் ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் இருந்தாள்.

இதெல்லாம் பிள்ளைகள் எனக்குப் பிறகு சொன்னது. நான் அப்போது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். பழக்கம் நடக்கும்போது வழக்கமாகக் கிணற்றடிக்கோ கடைக்கோ போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ போகவில்லை. வெக்கைக்குக் களஞ்சியத்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். முதலில் கடல் கேட்டது:

"அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும், மாங்குளம் நெற்களஞ்சியத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட இந்தப் பாட்டு, கிற்றாரின் அன்பு மகனும் ட்ரம்ஸின் பாசமிகு சகோதரனும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

"ஒண்டு, ரெண்டு..." என்று சஞ்சீவன் தொடங்கினான்.

"பொறு தம்பி, பொறு!"

டொக், டொக்.

"ரீச்சர், மதுரா பிள்ளைதான் அடிக்கப்போறா. வேற ஒண்டுமில்லை. நான்தான். பயப்பிடாதேங்கோ."

அடித்தாள். என் மகள் அப்படி அடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, கோழிகள் வேலி பாய்ந்தன. என் கைகள் வழக்கம்போலத் தலைக்குப் புறப்பட்டன. பாதிவழியில், யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டது ஞாபகம் வந்ததுபோல நின்றன. கையில் இருந்த தேங்காய்ப்பூ மட்டும் தலையில் கொட்டியது. அப்படியே எழுந்து தெருவைக் கடந்து போனேன். களஞ்சியத்து வாசலில் நின்று பார்த்தேன். நாங்கள் எல்லோரும் பயந்த அதே சத்தம்தான். அதன் நடுவில் இருந்து அவள் சிரித்துக்கொண்டு இருந்தாள்.

நான் தனியாக நிற்கவில்லை என்பது பாட்டு முடியும்போதுதான் தெரிந்தது. பின்னால் அரைவாசி மாங்குளம் நின்றது. அந்தக் குழாய் கதைத்தால் யாரோ போய்விட்டார்கள் என்பதுதான் ஊரின் கணக்கு. ஆண்கள் கைகட்டித் தலைகுனிந்து நின்றார்கள். பந்தல்காரர் கதிரைகளை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் ஒரு முதியவர் தொண்டையைச் செருமினார்.

"சரி தம்பி, எப்ப எடுக்கினம்?"

"இப்பத்தான் ஐயா எடுத்து முடிச்சது" என்றான் சஞ்சீவன்.

"அதுக்குள்ளயோ? ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே?" என்று அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

என் பக்கத்தில் நின்ற கிழவி கண்ணைத் துடைத்தா. "கிற்றாரோடை நிண்ட பெடியன்தான் பாவம். பெத்த பிள்ளைகூட இப்பிடிக் கத்தி அழாது."

பதிந்ததை அன்றைக்கே அனுப்பினார்கள். ஞாயிறு காலை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. மதுரா தொலைபேசியை ஒரு கிண்ணத்தால் மூடிவைத்துவிட்டு அதற்கு முன்னால் இருந்தாள். மத்தியானம் கிண்ணத்துக்குள் இருந்து அடித்தது.

"தங்கச்சி, ட்ரம்ஸ் வந்திட்டுது" என்றார் இயக்குநர் தம்பி. "எங்கயிருந்து வந்தது?"

மதுரா தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். நான்தான் சொன்னேன்: "துவாய் எண்ணெயாப் போச்சுது, தம்பி."

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"சரி. முன்னால ஒரு ஐயாவின்ர குரல் கிடக்கு. அதை வெட்டாமல் அனுப்புங்கோ. அதிலயும் கொஞ்சம் எனக்கு வேணும்."

படத்தைக் கிளிநொச்சி மண்டபம் ஒன்றில் திரையிட்டபோது அறிவித்தல் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். நடனக் காட்சி வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் நமக்கு முதுகைக் காட்டியபடி மேடையில் மைக்கைத் தட்டினான். டொக், டொக். "நான்தான். பயப்பிடாதேங்கோ." மண்டபம் சிரித்தது. அடுத்த கணம் என் மகளின் ட்ரம்ஸ் வந்து அந்தச் சிரிப்பின்மேல் விழுந்தது.

"என்ர குரல் உந்தக் கோட்டுக்காரனிட்டை எப்பிடிப் போனது?" என்று அவர் நுளம்புக் குரலில் என் காதுக்குள் கேட்டார். வெளியே வந்தபின் அவருக்கு வேறு மனவருத்தம். "மற்றதெல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்கள், ரீச்சர். பாட்டின்ர பிறப்பிடத்தையாவது விட்டிருக்கலாம்."

இந்த வருடம் அவர் தன் தமக்கையோடு இருப்பதற்காக, முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்குப் போய்விட்டார். போகிற அன்று தெருத்தெருவாகத் தன்னையே அறிவித்துக்கொண்டு போனார். பிறப்பிடம் சொன்னார், வதிவிடம் சொன்னார், பெயர் வரவேண்டிய இடத்தில் இருமினார். "ஒருதரும் வெளிக்கிட்டு வரவேண்டாம், நான் உயிரோடைதான் போறன்" என்று முடித்தார். சனம் படலைக்குப் படலை நின்று அழுதது. தபாற்காரர் வழக்கம்போல என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார். அன்றைக்கு மட்டும் நான் அவரைத் திருத்தவில்லை.

இப்போது மாரி தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் இடி எப்போதும் முல்லைத்தீவுக் கடலில் இருந்துதான் ஏறிவரும். நேற்றுப் பின்னேரம் வானம் இங்கே இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. என் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்து முதலில் விரலால் தட்டுகிற சத்தம்.

"ரீச்சர், நான்தான். இஞ்ச இடி முழங்கிப்போட்டுது, இனி உங்கட பக்கம்தான் வரும். பயப்பிடாதேங்கோ."

"ஓம் அண்ணை" என்றேன். "வரட்டும்."