கேள்வி இல்லாதவர் கப் கழுவ வேண்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

தினமும் போனில் பேசுகிற மகள் திடீரென்று கடிதம் எழுதினால் என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவீர்கள் என்று தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை போகவில்லை, காய்ச்சல் இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. போனில் நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பின்குறிப்பை மட்டும் முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பைபிள் படிக்கிற கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து, "மதம் மாறப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடிக்காமல் அங்கே உட்கார எனக்கு மனசு வரவில்லை. நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு பல் ஆஸ்பத்திரி. கடைசி ஆள் பல்லைக் காட்டிவிட்டுப் போனதும், வந்தவர்கள் காத்திருக்கும் நாற்காலிகளை டாக்டரம்மா வட்டமாக இழுத்துப் போடுவார். ஒருவர் வாசிப்பார். பிறகு ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் கேள்வி இல்லாதவர் எல்லோருடைய டீ கப்பையும் கழுவ வேண்டும். முதல் நாள் என் முறை வந்தபோது, காலேஜ் பழக்கத்தில், "எல்லாம் புரிஞ்சுதுங்க மேடம்" என்றேன். சந்தேகம் கேட்டால் மக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து பயந்தே, நம்ம வீட்டில் யாரும் வாங்காத டிகிரியை வாங்கியவள் நான். டாக்டரம்மா ரொம்ப மரியாதையாக, "அப்போ சிங்க் அந்தப் பக்கம்மா" என்றார். அடுத்த வாரம் முழுப் பகுதியையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் வரி விடாமல் ஒப்பித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கப்பைக் காட்டினார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் சொல்லாமலே நானே எழுந்து போனேன். கூட்டத்துக்கு வருகிற தையல்கார அண்ணன், "இந்தப் பொண்ணு வந்ததிலேருந்து கப்பெல்லாம் பளபளன்னு இருக்கு, யாரும் இதுக்குக் கேள்வி கேக்கச் சொல்லிக் கொடுத்துடாதீங்க" என்றார்.

போன வாரம் வாசித்தது நடக்க முடியாத ஒருவரைப் பற்றி. நாலு பேர் அவரைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு இயேசு இருந்த வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே நுழைய முடியாத கூட்டம். கூரையைப் பிரித்து அவரை உள்ளே இறக்குகிறார்கள். தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைப் பார்த்து இயேசு அவருடைய பாவங்களை மன்னித்து, எழுந்து நடக்கச் சொல்கிறார். கூட்டத்துக்கு முந்தின நாளே இதைப் படித்துவிட்டுப் போனில் சொன்னபோது நீங்க கேட்டது ஞாபகம் இருக்கா? "அது யார் வீடும்மா? கூரைய யாரு சரி பண்ணிக் குடுத்தா? வாடகை வீடா இருந்தா என்ன ஆகுறது?" அதையே அங்கே கேட்டேன். தையல்கார அண்ணன் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். ரொம்ப நேரம் அந்தக் கூரையைப் பற்றியேதான் பேச்சு. தப்பித்தோம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது டாக்டரம்மா, "இது உன் கேள்வியாம்மா?" என்றார்.

"எங்கப்பாவோடது."

"அப்போ அப்பா தப்பிச்சார். நீ போய்க் கழுவு."

கழுவும்போதுதான் எனக்கென்று ஒரு கேள்வி வந்தது. தூக்கி வந்தவங்க நம்பினாங்க, சரி. படுத்திருந்தவர் நம்பினாரா? அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? ஈரக் கையோடு வந்து கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா, "எனக்கும் தெரியலைம்மா" என்றார். அவ்வளவு படித்தவர் தெரியலை என்பதை இவ்வளவு லேசாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. என்னையும் நீங்களும் அம்மாவும் மாமாவும் அண்ணனும் தூக்கிக்கொண்டுதானே காலேஜ் வரைக்கும் வந்தீங்க. என்ன படிக்கணும்னு என்னை யாரும் கேட்கலை. குறையாச் சொல்லலைப்பா. கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. எதுவும் மாறவில்லை. டீயும் கப்பும்தான். மாமாவையும் அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கையில் பட்ட காயத்துக்கு மருந்து போடுங்கள், கிரீஸ் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

என்றும் உங்கள் நிழலில்,
மகள்

பின்குறிப்பு: எதுவும் மாறவில்லை என்று எழுதியது சரியில்லை அப்பா. கப் கழுவும்போது அந்தக் கேள்வி வந்த அன்றிலிருந்து தூங்கப் போகும் முன் நான் பேசுகிறேன், யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் காயத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். மதம் மாறப் போகிறேனா என்றால் எனக்கு இன்னும் தெரியாது. ஒரு வியாழக்கிழமை ஒர்க்‌ஷாப்பைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வாங்க. என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். உங்களிடம் கேள்விக்குப் பஞ்சமில்லை, கப் கழுவ வேண்டியிருக்காது. "மதம் மாறப் போறியா?" என்ற அந்தக் கேள்வியையும் அங்கேயே என்னிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாமல் இருங்கள்.