முனீஸ்வரனுக்கு நேர்ந்த முசியே

மாமியார் பச்சையம்மாள் சேவலைக் கையில் தூக்கி நெஞ்சுச் சதையை அழுத்திப் பார்த்தபோது வெற்றிச்செல்வன் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

அது சாதாரணச் சேவல் இல்லை. பேன்டம் சாதி. உருவத்தில் புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது, நடையில் மட்டும் பிரெஞ்சுத் துரைமார் தோற்றார்கள். அதனால்தான் அந்தத் துரைமாரை ஐயா என்று கூப்பிடுகிற ‘முசியே’ என்ற சொல்லையே பெயராக வைத்திருந்தான். மனைவி சிவசங்கரிக்குக் காரைக்கால் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வாரக் கடைசியில்தான் வருவாள். மற்ற நாட்களில் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டத்தில் அவன் சாப்பிடுவதும் முசியேவோடுதான், ஆபீஸ் வம்பு பேசுவதும் முசியேவோடுதான்.

“எத்தினி மாசம் ஆவுது மாப்ள?”

“ஒரு வருஷம் ஆச்சு அத்தை.”

“நோவு கீவு வந்துச்சா?”

“இதுவரைக்கும் இல்ல.”

“காலு நல்லா கெட்டியா இருக்குது” என்று அவள் கணவர் குப்பனிடம் காட்டினாள். கனகசெட்டிக்குளத்தில் வலையோடு பேச்சையும் கடலில் வீசிவிட்டு வந்தவர் அவர். தலையை மட்டும் ஆட்டினார்.

பச்சையம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “மாப்ள, இந்தச் சேவல...”

மாமியார் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் மருமகன் இல்லையென்று சொல்ல முடியுமா? மத்தியானமே குழம்பு கொதிக்கும். வெற்றிச்செல்வன் முந்திக்கொண்டான்.

“நேந்து விட்டது அத்தை! முனீஸ்வரனுக்கு!”

சுட்டதுபோல் சேவலைக் கீழே விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சாமிக்கு விட்டதா? தெரியாம தொட்டுட்டேனே! என்னா வேண்டுதல்?”

அதை அவன் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் மூளை கைவிடவில்லை. “சங்கரிக்குக் காரைக்கால்லேருந்து இங்க மாத்தல் கெடைக்கணும்னு.”

தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான். காரைக்காலுக்குப் போனவர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. முசியே கிழடு தட்டி நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

அன்றிலிருந்து மாமியார் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுத் திரும்பும்போதெல்லாம் கருவாட்டுத் தூளோடு வந்து, தன் கையாலேயே அதற்குப் போட்டுவிட்டுப் போனாள். சாமிக்குப் போகிற சேவல் கொழுத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதமே மாறுதல் உத்தரவு வந்துவிட்டது.

மனைவி வருகிற சந்தோஷத்தில் துள்ளியவன், பாதித் துள்ளலில் முசியேவைப் பார்த்தான். அதற்குள் மாமியாரின் போன் வந்தது.

“முனீஸ்வரன் கண்ணத் தொறந்துட்டான் மாப்ள! ஞாயித்துக்கெழம முடிச்சிடணும். தள்ளிப் போட்டா எம் பொண்ணுக்குத்தான் ஆவாது.”

வெற்றிச்செல்வன் அசரவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்க் கொழுத்த நாட்டுச் சேவல் ஒன்றை வாங்கி வந்தான்.

“நா மனசுல நெனச்சது இத மாதிரி பெரிய சேவல்தான் அத்தை.”

“நேந்தது அதத்தான? இத வட்டின்னு வச்சிக்கலாம்.”

ஆக, போகவேண்டிய தலை இரண்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முசியேவைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். கூண்டைத் திறந்து வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

“பறந்து போயிடுச்சு அத்தை.”

“ஐயையோ! எப்போ?”

அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம். கருவாட்டுத் தூள் வந்துவிட்டது என்று குளியலறைக்குள்ளிருந்து முசியே உரக்கக் கூவியது. மாறுதலாகி வந்திருந்த சிவசங்கரி போய்க் கதவைத் திறந்தாள்.

“பாத்தியாடி, சாமியே புடிச்சி வச்சிருக்குது” என்ற பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன பக்தி என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

கோவிலில் பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். முசியே உடம்பை உலுக்கிக்கொண்டு நேராக வந்து வெற்றிச்செல்வனின் இரண்டு கால்களுக்கு நடுவே நின்றுகொண்டது. அத்தனை நாள் சாமர்த்தியமும் அதோடு தீர்ந்துபோயிற்று. அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டான்.

“வெட்டாதீங்க! வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பொய்யி. கறிக்குக் கேட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன் அத்தை. சங்கரி இல்லாத வீட்டுல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்.”

சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டாள். பூசாரி கத்தியைத் தாழ்த்தினார். பச்சையம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். குப்பன்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“கறிக்கா? அவ கோழிக்கறியே துன்ன மாட்டா மாப்ள. எங்க வூட்ல இதே சாதியில ஒரு பொட்டக்கோழி தனியா கெடக்குது, அதுக்கு மாப்பிள்ள கேக்கத்தான் அன்னிக்கு நாங்க வந்தோம்.”