குக்கருடன் மீன் இலவசம்

பரீட்சையில் தோற்றவர்களால் உலகத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டோடு அடங்கிக் கிடப்பார்கள். தேறியவர்கள்தான் ஆபத்து. அதிலும் தேறிய முதல் சில நாட்களில் அவர்களைக் கட்டிப்போட்டு வைப்பது நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதன் பலனை எங்கள் குடும்பமும் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியும் சேர்ந்து அனுபவித்தன.

அப்போது நான் மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறி பெங்களூரு போய், ஒரு கால் சென்டரில் ஊரார் கோபத்தையெல்லாம் நாள் முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டு, மாலை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ரயிலில்தான் நெட்வொர்க் செக்யூரிட்டி படித்தேன். உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு. ஃபயர்வால், என்கிரிப்ஷன் என்று நான் கண்ணை மூடி முணுமுணுப்பதை ஏதோ சுலோகம் என்று நினைத்த ஒரு பெரியவர், தினமும் எனக்குச் சன்னலோர இடம் பிடித்து வைப்பார். (நானும் திருத்தவில்லை. சன்னலோர இடம் சும்மாவா கிடைக்கிறது?)

சான்றிதழ் கைக்கு வந்தது. பயிற்சி நிலையத்தின் சுவரில் ஒரு மரம் வரைந்திருப்பார்கள். வேரில் எங்கள் சான்றிதழ். கிளைக்குக் கிளை ஒரு வேலை. அன்று மாலை வீட்டில் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன்.

அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும் வரை மைசூர் மைன்ஸில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அவருக்கு ஒரே சந்தேகம்தான்.

"இதுல எதுக்கு நைட் ஷிப்ட் கீது?"

"மொதல்ல சொன்னேனே, ராத்திரி பகலா கண்காணிக்கிற வேலை, அதுக்குப்பா."

"அது வேணாம். அப்பால?"

"அப்பால, பெனட்ரேஷன் டெஸ்டர். ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டருக்குள்ள திருடன் மாதிரி நொழஞ்சி பாக்கணும். அவுங்ககிட்டயே பர்மிஷன் வாங்கிக்கினு."

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "பர்மிஷன் வாங்கிக்கினு உள்ள போறதுக்கு இன்னாத்துக்குடி படிப்பு? கதவத் தட்டுனா தொறக்க மாட்டாங்களா?"

எனக்கோ அந்தக் கிளைமேல்தான் கண். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, இருட்டறையில், பச்சை எழுத்துகள் ஓடும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அமுதா என்னும் என்னை நானே பல தடவை மனத்துக்குள் பார்த்து மெய்சிலிர்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். கடைசியில் ஒரு கம்பெனி மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. 'நீங்களாகச் செய்து பார்த்த ஒரு பாதுகாப்புச் சோதனையைப் பற்றிப் பேசத் தயாராக வாருங்கள்' என்றும் எழுதியிருந்தது. நான் அதுவரை சோதித்துப் பார்த்ததெல்லாம் சாம்பாரில் உப்பு மட்டும்தான்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குத் தாங்களே ஒரு பொய்யான மெயிலை அனுப்பி, எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். பிஷிங் சோதனை என்று பெயர். ஆங்கிலத்தில் மீன் பிடிப்பது மாதிரியே ஒலிக்கும். தூண்டில் போடுகிற வேலைதானே. எனக்குக் கம்பெனி இல்லாவிட்டால் என்ன, குடும்பம் இருக்கிறதே!

இந்தச் சோதனைக்கு முதல் விதி, சம்பந்தப்பட்டவர்களிடம் முன் அனுமதி வாங்குவது. பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியான விடைதான் எழுதினேன்.

கைபேசியில் எங்கள் குடும்பக் குரூப்பில் புது எண் ஒன்றைச் சேர்த்து, யாருடையது என்று தெரியாத அந்த எண்ணிலிருந்து ஒரு செய்தி போட்டேன். அம்மாவின் தம்பி சேகர் மாமா கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் ஆண்டு விழாவுக்கு இலவச குக்கர் தருவதாகவும், கீழே உள்ள லிங்க்கை அழுத்திப் பெயரைப் பதிந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வரும்படியும் எழுதினேன். மாமாவும் அதே குரூப்பில் இருக்கிறார், பார்த்தவுடன் குட்டு உடைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உடையவும் இல்லை. மாமா குரூப்பில் வரும் எதையும் படிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிடுவார். என் செய்திக்கும் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களுக்கு நம்பிக்கை முற்றிவிட்டது.

பெயரைப் பதிந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும். அதில் பெரிய சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், 'யூ ஹேவ் பீன் பிஷ்டு!' என்று வைத்திருந்தேன். அழகுக்கு, தூண்டிலில் மாட்டிய ஒரு கொழுத்த மீன் படம். (அந்த மீனைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரை நாள் செலவழித்தேன்.) ஏமாந்தவர்கள் அதைப் பார்த்து, அடடா என்று தலையில் தட்டிக்கொண்டு, எனக்குப் போன் செய்து பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் போன் செய்யவில்லை. பதிவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் சொந்தத்தில் இவ்வளவு பேரா என்று வியந்தேன். மஞ்சுளம்மா, நாகராஜப்பா, லட்சுமிதேவி என்று கேள்விப்படாத பெயரெல்லாம் வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சோதனை அபார வெற்றி என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை மாமா போன் செய்தார்.

"அமுதா, உனுக்கு கம்ப்யூட்டர்லாம் தெரியும் இல்ல? இங்க கட வாசல்ல ஒரு கூட்டம் நிக்கினு கீது. ஷட்டரத் தொறக்க வுட மாட்டேங்கறாங்க. குக்கர் குடுன்றாங்க. நான் எப்பம்மா குக்கர் குடுக்கறேன்னு சொன்னேன்? அது கூடப் பரவால்ல. மீன் எங்கன்றாங்க!"

"மீனா?"

"மீன்தாம்மா! பாத்திரக் கடையில எந்த ஊர்ல மீன் விக்கிறாங்க?"

நானும் அப்பாவும் ஓடினோம். கடைவீதி அடைத்துக்கொண்டு நின்றது. பாதிப் பேர் கையில் துணிப்பை; மீதிப் பேர் கையில், மீன் வாங்கக் கொண்டுபோகும் ஒயர் கூடை. முன்வரிசையில் பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த என் வசந்தா அத்தை, அப்பாவின் தங்கை. கூடவே அவருடைய மகளிர் சங்கம் முழுவதும். செய்தியை அவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தவர் அத்தைதான். அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அத்தை, குக்கர் எதுவும் இல்ல. அது பொய் மெசேஜ். நான்தான் போட்டேன்" என்றேன்.

"நீ ஏன்டி போடப்போற? பேர் பதிஞ்சதும் மீன் படம் வந்திச்சே, நானே பாத்தனே! குக்கருக்கு மீன் ப்ரீன்னு செவப்புல போட்டிருந்திச்சே!"

"அது ப்ரீ இல்ல அத்தை. ஏமாந்துட்டீங்கன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தேன்."

"ஏமாந்துட்டேன்னு சொல்றதுக்கு எதுக்கு இங்கிலீஷு? நான் வூட்ல மசாலா அரச்சி வெச்சிட்டு வந்துகீறேன்!"

பக்கத்திலிருந்த கன்னட அம்மாள் கூடையைத் தூக்கிக் காட்டி, "மீனு எல்லி?" என்று என்னைக் கேட்டார். மீன் எங்கே என்பதற்கு எனக்கு எந்த மொழியிலும் பதில் தெரியவில்லை.

கடையின் படிக்கட்டில் ஏறி நின்று, இணைய மோசடி என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒருவர், "கடக்காரர் சரக்கைப் பதுக்கிட்டு சொந்தக்காரப் பொண்ண வுட்டுப் பேச வெக்கிறாரு பாரு" என்றார். அவ்வளவுதான், மாமாவின் முகம் சுண்டிப்போனது. எடை குறைத்தார் என்றோ ஓட்டைப் பாத்திரம் விற்றார் என்றோ அந்த வீதியில் ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. என் சோதனை அவர் கடைப் பெயரைத்தான் தூண்டிலில் கோத்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படிக்கட்டிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஷட்டரைத் தூக்கினார்.

"என் கடைன்னு நம்பி வந்துட்டாங்க. வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஆளுக்கொரு எவர்சில்வர் கரண்டி குடுத்துடலாம். அழாத, போய் அந்த மூட்டையப் பிரி."

கரண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் முண்டியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தொழிலாளிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஆள் ஏற்றும்போது போடுகிற அந்தக் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"தள்ளக் கூடாது! ஒரு கேஜு போயி அடுத்த கேஜு! பின்னாடி நில்லு!"

கூட்டம் அப்படியே வரிசையானது. பாதிப் பேர் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

நான் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டியைக் கொடுத்து, "தெரியாத லிங்க்கைத் தொடாதீங்க" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெரிந்த அளவு தெலுங்கிலும் சொன்னேன். வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, குடமும் தவலையுமாகச் சிலதை விலைக்கும் வாங்கிப் போனார்கள். அத்தை மட்டும் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சி வெறும் மசாலாவக் கிண்டச் சொல்றியா?" அப்பா போய் மீன் வாங்கி வந்து தங்கையைச் சமாதானம் செய்து ரயிலேற்றினார்.

நேர்முகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் மேலாளர், ஒரு பொறியாளர். மெருகேற்றிச் சொல்ல ஒரு கதை தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் நடந்ததுதான் வந்தது.

"எத்தனை பேர் ஏமாந்தார்கள்?" என்றார் பொறியாளர்.

"அனுப்பின எல்லாரும் சார். அனுப்பாதவங்களும்."

"முன் அனுமதி?"

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடிவிட்டார். மேலாளர் அம்மா மட்டும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்றார்.

"எச்சரிக்கையை அவங்கவங்க பேசற பாஷையில எழுதணும் மேடம். அப்பறம், மீன் படம் போடக் கூடாது."

கறுப்புச் சட்டை வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அனுமதி வாங்காமல் உள்ளே நுழைகிற ஆளை அந்த வேலைக்கு வைக்க முடியாது என்று பொறியாளர் மரியாதையாகச் சொன்னார். ஆனால் தொழிற்சாலைகளுக்கும் கிளை அலுவலகங்களுக்கும் போய், ஏமாறாமல் இருப்பது எப்படி என்று ஊழியர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லித் தர ஓர் ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பயிற்சி நிலையச் சுவரில் இருந்த மரத்தில் அப்படி ஒரு கிளையே கிடையாது. நான் இன்றும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வசதியாக இருக்கிறது. மூன்று மொழியில் பேசலாம், நைட் ஷிப்டும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குப் பல வருடமாகச் சொல்லித் தருகிறேன். அவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். என் குடும்பம் ஒரே நாளில் கற்றுக்கொண்டு இன்றுவரை மறக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகையைக் குரூப்பில் போட்டேன். ஒருவர்கூடத் திறக்கவில்லை. மாமா கைகூப்பும் படத்தைக்கூடப் போடவில்லை. பதறிப்போய் அத்தைக்கு நானே போன் செய்து, நாள், மண்டபம், மாப்பிள்ளை பெயர் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம்டி. ஆனா நீ சொன்னா பத்தாது. ஒங்கப்பாகிட்ட போனைக் குடு."

கல்யாணமாகி இப்போது என் கணவரும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்போது, சாப்பாடு தயார், வாங்க என்று கூப்பிட்டால், அறையிலிருந்தே குரல் கொடுக்கிறார்:

"நீ சொன்னா பத்தாது. ஒங்கம்மாவச் சொல்லச் சொல்லு!"